பின்தொடர்வில் விடுபட்டவர்கள்

எட்டுப் பக்கக் கட்டுரை.
இங்கிலீஷ் எனக்குத் தலைப்பு வரைக்கும்தான் ஓடும்.
குழந்தைகள், சிறுநீரகம், மதுரை
என்று எழுத்துக்கூட்டிவிட்டு
கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
பதிவறை ஊழியர்களுக்கு நன்றி.
ஊழியர்கள் என்றால் நான் ஒருவன்தான்.
இன்னொருவர் ரிட்டயர் ஆகி
அந்த நாற்காலி ஆறு வருடமாகக் காலி.

இருநூற்றுப் பதினான்கு கட்டு இறக்கினேன்.
சித்திரை மாதம். ஃபேன் போட்டால் தாள் பறக்கும்,
போடாவிட்டால் வேர்வை மையில் சொட்டும்.
ராமபாணப் பூச்சி தின்றது போக
மிஞ்சிய எடைகளை, தேதிகளை
டாக்டர் சாருமதி தரையில் உட்கார்ந்து
கட்டம் போட்ட நோட்டில் ஏற்றினார்கள்.

எல்லாக் கட்டும் ஒரே மாதிரித் தொடங்கும்:
விடிந்ததும் கண்ணிமை வீங்கியிருந்தது,
பூச்சிக்கடி என்று விட்டுவிட்டோம்.
மறுநாள் கால். அப்புறம் வயிறு.
அரைஞாண்கயிறு இடுப்பில் பதிந்து
அறுக்க வேண்டி வந்த பிறகுதான்
பஸ் ஏறியிருப்பார்கள்.

ஒன்பது கட்டுகள் சிவப்பு மையில் முடிந்தன.
அவற்றைத் தனியே அடுக்கி வைத்தேன்.
டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை,
கடைசி வாரம்தான் அந்தப் பக்கம் கை நீட்டினார்கள்.

அறுபத்து மூன்றாவது கட்டு
பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது.
உள்ளே நாற்பது பக்க நோட்டு.
உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மாள்,
மகன் சோனை, வயது ஏழு.
மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்து
கூட்டல் குறி போடச் சொல்லியிருக்கிறார்கள் வார்டில்.
அவள் கூட்டல் போடவில்லை.

திங்கள்: தண்ணி.
செவ்வாய்: தண்ணி.
புதன்: எளனி.
வியாழன்: மோர்.
வெள்ளி: தயிர். பஸ்ஸுக்குக் காசு கேக்கணும்.

டாக்டர் சிரித்தார்கள்.
பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்களின்
லேப் முடிவுகளை எடுக்கச் சொன்னார்கள்.
மோர் என்றால் இரண்டு கூட்டல்,
தயிர் என்றால் நான்கு.
ஒன்பதில் எட்டு சரி.
ஒன்பதாவதில் லேப்தான் தப்போ என்னவோ.

அந்த அளவுகோல் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது.
சோனை ஐந்தாம் அட்டவணையில்,
பன்னிரண்டு என்ற எண்ணுக்குள்.
நோட்டைக் கொடுத்துவிட்டுப் போன ஒச்சம்மாள்
மறுதேதிக்கு வரவில்லை.
"இதுக்கு என்னங்கம்மா அர்த்தம்?"
"தொலைஞ்சு போனவங்கன்னு அர்த்தம், தவசி."
தொலைத்தது யாரென்று அட்டவணையில் இல்லை.

ஆவணி மாதம்,
செக்கானூரணியில் ஏறினேன்.
டிக்கெட் கிழித்த கண்டக்டரின் சட்டையில்
ச. சோனை.
எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால்
நாலு சோனைமேல் விழும்.
இருந்தாலும் கேட்டேன்:
"அம்மா பேரு ஒச்சம்மாளா?"
"ஏன், கடன் பாக்கி எதுவும் இருக்கா?"

நாகமலை வரைக்கும் சில்லறை கொடுத்தபடியே சொன்னான்.
அப்பா திருப்பூருக்குக் கூட்டிப்போனது,
அங்கே ஒரு ஆஸ்பத்திரி, அதே மாத்திரை,
பூசணிக்காய் என்று கூப்பிட்ட பையன்கள்,
பன்னிரண்டு வயதோடு வீக்கம் நின்றது.
"அம்மாதான் இன்னும் மாறல.
டீ கிளாஸைக் கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான்
வாயில வைக்கும்."
காளவாசல் இறங்குறவங்க வாங்க என்று
விசில் ஊதிவிட்டு முன்னால் போய்விட்டான்.

டாக்டர் அன்றைக்கே பத்திரிகைக்கு எழுதினார்கள்.
கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது,
இனி மாற்ற இயலாது என்று பதில் வந்தது.
தன் பிரதியில்
பன்னிரண்டைப் பென்சிலால் அடித்துப்
பதினொன்று என்று எழுதினார்கள்.
பேனாவே எடுத்திருக்கலாம்,
நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை என் மேஜையில்
ஒரு துண்டுச் சீட்டு: பதினொரு பெயர், பதினொரு ஊர்.
பேரையூர், எழுமலை, கொட்டாம்பட்டி...
என் பஸ் போகும் வழியில்
இரண்டுதான் இருக்கிறது.