பதினான்கு மீட்டர்

கடையில் மூன்று துண்டு வெட்டித் தந்தார்கள்.
இரும்பு கனத்தது. எனக்குப் பிடித்தது.
"உள்ளே உப்பு அடைச்சிக்கும்மா,
சத்துவாச்சாரி போர்த்தண்ணி அப்படி"
என்றார் பிளம்பர் கஜபதி.

வெள்ளை பிவிசி மலிவு.
மே மாத நடுப்பகலில் டேங்க் தண்ணீர்
கையைச் சுடும்; அதற்கே இளகுமாம்.

சந்தன நிறக் குழாய் சூடு தாங்கும்,
ஆனால் மூன்று மீட்டருக்கு ஓர் ஒட்டு.
ஒட்டு என்று சொல்லும்போது கஜபதி
இன்னும் போடாத தரையைப் பார்த்தார்.

சுருளாக வந்ததை வாங்கினேன்.
குளியலறையிலிருந்து அடுப்படி வரை
பதினான்கு மீட்டர், ஒரே உடம்பு.
விலையைக் கேட்டு சீனிவாசலு
ஒரு வேளை பேசவில்லை.

ராத்திரி முழுக்க அழுத்தம் ஏற்றி வைத்தோம்.
விடிந்து பார்த்தால் முள் பாதிக்கு இறங்கியிருந்தது.
கஜபதி துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினார்,
நான் பின்னாலேயே மண்டியிட்டு.
கசிந்தது மீட்டரின் மரை.
குழாய் இல்லை.

கலவை கொட்டுமுன்
டேப்பை விரித்துப் போட்டு
போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நேற்று கதவுத்தடுப்பு பொருத்த வந்த பையன்
டைல்ஸ் மேல் டிரில்லை ஊன்றினான்.
"நாலு விரல் தள்ளி" என்றேன்.
போனை எடுக்கவில்லை.