கூப்பிடு தூரம்

இந்த விளையாட்டுக்கு இணையம் தெரியாது.
அது பிறந்த வருடத்தில்
உலகம் என்றால் ஒரே அறை,
ஒரு ஹப், நாலு கம்பி.
தொடங்குமுன் அறைக்குள் ஒரு சத்தம் கொடுக்கும்:
யாராவது இருக்கீங்களா?
கேட்கிற காது அங்கேயே இருந்தால் உண்டு.
இல்லையென்றால் பட்டியல் காலி.

நாங்களோ இப்போது
கூப்பிடு தூரத்தில் இல்லை.
யுர்கா ஸ்டவாங்கரில்,
எண்ணெய்மேடை ஆட்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி எண்ணுகிறாள்.
நான் அயர்லாந்தில், ட்ரோஹெடாவில்,
பகலெல்லாம் கறித் தொழிற்சாலையின் குளிரறை.
அல்வீதாஸ் மட்டும் கிளைபெடாவில்,
அதே ஐந்தாம் மாடி,
அதே முனகும் ரேடியேட்டர்.

ஆகவே ஒரு பொய் கட்ட வேண்டும்.
மூன்று கணினிகளையும் நம்பவைக்க வேண்டும்:
நீங்கள் ஒரே அறையில்தான் இருக்கிறீர்கள்,
நடுவில் கடல் எதுவும் இல்லை.
மெய்நிகர் வலை என்று அதற்கு மரியாதையான பெயர்.
நான் இட்ட பெயர் முற்றம் பதினேழு.

பொய் தேவைப்படாத காலத்தில்
ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
நீலக் கம்பி தொங்கியது.
யுர்காவின் அம்மா ஒருநாள்
அதில் காலுறை காயப்போட்டாள்.
ஆட்டம் நிற்கவில்லை.

சனி இரவு ஒன்பது மணி.
ஃபயர்வாலைத் திற, என்றேன்.
திறந்தாச்சு.
பிங் போடு.
போட்டேன், சுவரோடு பேசுற மாதிரி இருக்கு.
அல்வீதாஸ் கிசுகிசுக்கிறான்,
மனைவி தூங்குகிறாள்.

பத்தரைக்குத்தான் பிடிபட்டது.
அவன் கணினிக்கு நாலு வாசல்:
வைஃபை ஒன்று, கம்பி ஒன்று,
எப்போதோ நீக்கிய மென்பொருள்
விட்டுப்போன பேய்வாசல் ஒன்று,
கடைசியில் நம்முடையது.
விளையாட்டோ
முதல் வாசலில் நின்று மட்டுமே கத்தும்,
பதில் வராவிட்டால் திரும்பிவிடும்.
நம் வாசலுக்கு ஒன்றாம் எண் கொடு, என்றேன்.
கொடுத்தான்.
அவன் ஊரில் ஒரு மணி.

பட்டியல் நிரம்பியது.
ரிம்வி. யுர்கா. அல்வி.
ஜில்வி.

நாலாவதை நான் அழைக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில்
கிராஃபிக்ஸ் கார்டு வாங்க ஜில்வினாஸ் கேட்டான்,
நானூறு லித்தாஸ் கொடுத்தேன்.
திருப்பவில்லை.
எல்லோர் முன்னாலும் கேட்டேன்,
அவன் காதலி முன்னாலும்.
அதோடு பேச்சு நின்றது.
நாடு யூரோவுக்கு மாறிவிட்டது,
லித்தாஸை இப்போது எந்தக் கடையும் வாங்காது.
காசு செல்லாது,
கோபம் மட்டும் செல்லுபடி.

கடவுச்சொல்லை யார் கொடுத்தது?
யுர்காவின் மைக் அணைந்திருந்தது.

எந்த ஊரில் இருக்கிறான்? தெரியாது.
பொய் அறையில் எல்லோருக்கும்
பொய்க் கதவெண்தான்.
தாமதம் மட்டும் உண்மை:
எண்பத்தொன்பது மில்லிவினாடி.
பக்கமும் இல்லை, தொலைவும் இல்லை.

ஆட்டம் எங்களை ஒரே அணியில் போட்டது.
எதிரில் கணினி ஓட்டும் மஞ்சள் படை.
பன்னிரண்டாம் நிமிடம்
திரையின் மூலையில் ஒரு வரி:
ஜில்வி உனக்கு நானூறு பொன் அனுப்பினார்.

சந்தை வரி நூற்றுக்கு முப்பது.
வந்து சேர்ந்தது இருநூற்று எண்பது.

யாரும் பேசவில்லை.
அல்வீதாஸின் ரேடியேட்டர் கேட்டது.
விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் தட்டின:
இன்னும் நூற்றிருபது பாக்கி.

நூற்றிருபது அனுப்பினான்.
எண்பத்துநாலு வந்தது.
முப்பத்தாறு பாக்கி.
முப்பத்தாறு அனுப்பினான்.
இருபத்தைந்து வந்தது.
யுர்கா மைக்கைத் திறந்து
சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி அணைத்தாள்.

இந்த வரி இருக்கும்வரை
இந்தக் கடன் அடையாது என்று
எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
பதினொன்று என்று தட்டத் தொடங்கினேன்.

அப்போதுதான் கேட்டது
பதினெட்டு வருடம் தடித்துப்போன குரல்:
கணக்கு கிடக்கட்டும், ரிம்வி,
கிழக்குச் சுவரைப் பார்றா,
எரியுது.