மைனஸ் இருபத்திரண்டு

பத்து மாவுங் மீன் கிடங்கில்
இரண்டாம் எண் அறைக்கு மைனஸ் இருபத்திரண்டு.
பண்டல் கடையில் நாற்பது வெள்ளிக்கு எடுத்த குளிரங்கியை
முதலில் அங்கேதான் போட்டுப் பார்த்தேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுல்கர்னைன்
கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று எண்ணினான்.
ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன்.
நான்காவதிலேயே தட்டினான்:
"காக், உயிரோடுதானே இருக்கீங்க?"

உள்ளே கணவாய், வாவல், தலை நீக்கிய இறால்.
எந்தக் கடல் என்று அட்டைப் பெட்டி சொல்லும்.
பத்தொன்பது வருடமாக அதை எண்ணி எழுதுகிறேன்.
எனக்குக் குளிர் என்றால் கம்ப்ரெசர் சத்தம்.
சத்தம் நின்றால் ஓட வேண்டும், போன் செய்ய வேண்டும்,
உருகிய மீனுக்கு யார் பொறுப்பு என்று
கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டுப் பணம், சேமநிதி, விற்ற வளையல் நான்கு.
"அந்தக் காசுக்கு வீட்டு முன்பணம் கட்டலாம்" என்றான் தம்பி.
"தெற்கு எமன் திசை,
கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களா?" என்றாள் அவன் மனைவி.
கட்டலாம்தான்.
நான் தெற்கே போனேன்,
தெற்கு தீர்ந்துபோகும் மட்டும்.

கப்பலில் முதல் நாள் வாந்தி.
இரண்டாம் நாளும் அதேதான், அதற்கு வரி வேண்டாம்.
மூன்றாம் நாள்
உடுப்பையெல்லாம் மேசையில் விரிக்கச் சொன்னார்கள்.
வேற்று மண், வேற்று விதை
எதுவும் கரையேறக் கூடாதாம்.
இடுக்கியோடு ஒரு சின்னப் பெண் வந்தாள்.
என் கால்சட்டை மடிப்பில் ஏழு கிடைத்தன.
கெமுஞ்சுப். ஒட்டுப்புல்.
எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால்
கார் நிறுத்தும் திடலில் யாரும் வெட்டாத புல்.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி உறையில் இட்டு
ஊர் பெயர் கேட்டாள்.
பினாங்கு என்றேன்.
எழுத்துக் கூட்டி எழுதினாள்.
எந்த கவுண்டரிலும்
அவ்வளவு நிதானமாய் யாரும் அதை எழுதிப் பார்த்ததில்லை.

ரப்பர் படகு கரை தொடுமுன்பே வாடை வந்துவிட்டது.
எல்லாரும் மூக்கை மூடினார்கள்.
ஒரு ஜெர்மன்காரர்
கழுத்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.
எனக்குப் பசித்தது.
சத்தியமாகச் சொல்கிறேன், பெலாச்சான்.
கூனிறால் தின்று, கூனிறால் கழித்து,
பாறையெல்லாம் ரோஸ் நிறமாக்கி
ஆயிரக்கணக்கில் பெங்குவின்கள்
வெயிலில் காயப்போட்ட பெலாச்சானாய் மணந்துகொண்டு நின்றன.
சுட்டு, மிளகாயோடு இடித்து,
லிமாவ் கஸ்தூரி பிழிந்தால்...
வெள்ளையைப் பார்க்க வந்தவளுக்கு
முதலில் வந்தது சோற்று நினைப்பு.

நாம் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.
அதுகளுக்கு யாரும் விதியைச் சொல்லவில்லை.
மேற்பார்வையாளர் ராஜமாணிக்கத்தின் நடையில் ஒன்று வந்தது.
என் பூட்ஸைப் பார்த்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது.
குறை ஒன்றும் அகப்படாமல்
கொஞ்சம் ஏமாந்த மாதிரி திரும்பிப் போனது.

இருட்டாத அந்த இரவில் மேல்தளத்தில் நின்றேன்.
எஞ்சினை அணைத்திருந்தார்கள்.
எதிரே ஒரு பனிப்பாறை.
கொம்தார் உயரம் இல்லை, அகலம் அதைவிட.
உள்ளே யாரோ விளக்கை மறந்துவிட்டுப் போன நீலம்.
காது தானாகத் தேடியது,
எங்கே கம்ப்ரெசர்?
இல்லை.
யாரும் மின்கட்டணம் கட்டாத குளிர்.
பயந்துவிட்டேன்.
சத்தம் நின்றால் ஓட வேண்டுமே,
யாருக்குப் போன் செய்வது?
அப்போது அதன் இடது தோள்
மெதுவாக,
மெதுவாகத்தான் என்று பட்டது, இறங்கியது.
இடி பிறகு வந்தது.
அலை வந்து எங்களைத் தூக்கி வைத்துவிட்டுப் போனது.
கையெழுத்துக் கேட்டு யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை
"எப்படி இருந்தது, காக்?" என்றான் சுல்கர்னைன்.
"பெலாச்சான்" என்றேன்.
சிரித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினான்.
இரண்டாம் எண் கதவின் ரப்பர் பட்டையில் கசிவு.
விரல் வைத்தால்தான் தெரிகிறது.
நோட்டில் எழுதினேன்: தேதி, நேரம், எந்தப் பக்கம்.
கீழே, அம்சவேணி.