இயற்கைக் கருப்பு

பாம்பன் துறைமுகத்தில் அன்று
எந்தக் கூண்டும் ஏற்றியிருக்கவில்லை.
சோளகம்கூட ஓய்ந்திருந்தது.

கஸ்பார் சித்தப்பா
ஐஸ் கம்பெனி வாசலில்
டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
சில்லறைக்காகச் சட்டைப் பையைத் துழாவியவர்
அப்படியே உட்கார்ந்தாராம்.
"பெறகு குடுங்கண்ணே, என்ன அவசரம்" என்றாராம் டீக்கடைக்காரர்.
சித்தப்பா தலையாட்டியதாக முனீஸ் சொல்கிறான்.
ஆட்டவில்லை, சரிந்தது என்கிறார் டீக்கடைக்காரர்.
இரண்டு பேரும் தனித்தனியாக வந்து
என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாலத்தில் இறங்கிக் கடல் பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள்
ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள்.
பாதிப் பாலத்தில்
சைரனை நிறுத்திவிட்டார்கள்.

பரமக்குடி மெடிக்கலில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள்
பஸ் பிடித்து வந்து
கையைத் தொட்டேன்.
ஜில்லென்றிருந்தது.
அது எனக்கு எதையும் சொல்லவில்லை.
இருபத்தாறு வருடம் பார் ஐஸ் தள்ளிய கை
எப்போது தொட்டாலும் அப்படித்தான் இருக்கும்.
எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா துணி நனைக்க மாட்டாள்,
"கஸ்பாரக் கூப்பிடு" என்பாள்.
வலது கை என் நெற்றியில் கிடக்க
இடது கையால் டிவி ரிமோட்டை
அமுக்கிக்கொண்டிருப்பார் மணிக்கணக்கில்.

அதனால் கழுத்தைத் தொட்டேன்.
கழுத்து சொன்னது.

பிறகுதான் பார்த்தேன்,
காதோரம் மயிர்க்கால்களில்
ஒரு நகக்கண் அகலத்துக்கு
வெள்ளை.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு நரை இல்லாத மனுஷன்.
தங்கச்சிமடம் கல்யாண வீடுகளில்
"என்ன எண்ணெ போடுறீக?" என்று கேட்பவர்களிடம்
"சூடைமீன் தலையத் துப்பாம மெல்லணும்" என்பார்
கொஞ்சமும் கூசாமல்.
நான் மென்றேன்.
பத்து வயதிலிருந்து.

பெட்டியை மூடும்வரை
அந்தப் பக்கம் யாரும் குனியாதபடி நின்றேன்.
ஒரு மாலையைக் காதுவரை இழுத்துவிட்டேன்.

அந்த ராத்திரி கரண்ட் போனதும்
கம்பெனியிலிருந்து பதினொரு பார் வந்திருந்தது.
யாரும் கணக்கில் எழுதவில்லை.
உருகிய தண்ணீர் வாசல் தாண்டிப் போய்
மணலில் ஒரு வாய்க்கால் பறித்து
தெருக் குழாயடி வரை ஓடிற்று.

எட்டாம் நாள் அவர் போன் அடித்தது.
"கஸ்பார் சாருங்களா? பார்சல்.
இருநூத்தி எழுபத்தொம்பது."
வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்
"சர்ச்சுக்குப் பின்னால வாங்க" என்றேன்.

உச்சிப்புளிப் பையன். வியர்த்திருந்தான்.
"சார் எப்பவும் முந்நூறு குடுத்துட்டு
மீதி வேணாம்பாரு. சார் இல்லையாக்கா?"
"கம்பெனில இருக்காரு."
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.
முந்நூறாகக் கொடுத்தேன்.

கிணற்றடியில் பிரித்தேன்.
ஐந்து பாக்கெட்.
இயற்கைக் கருப்பு.
அட்டையில் யாரோ ஒரு மாப்பிள்ளை
பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

துப்பட்டாவில் சுற்றி ஒளிக்கப் போனவளை
அடுப்படியில் பிடித்துவிட்டார் ரெஜினாள் சித்தி.
"குடு இங்க.
பின்னந்தலைக்கு யாரு பூசுனான்னு நெனச்ச?
சனிக்கெழம சனிக்கெழம, கதவச் சாத்திக்கிட்டு.
சரக்கு தீந்துபோச்சு, வரட்டும்னு
மூணு வாரமாத் தள்ளிப் போட்டோம்."

சித்தியின் கட்டைவிரல் நகத்தோரம்
எப்போதும் ஒரு கறை உண்டு.
இத்தனை வருடம் அதைக்
கணவாய் மை என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி இல்லாமல்
பாக்கெட்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தார்.
"இன்னும் ரெண்டு வருசம் கெடாதாம்."
அரிசி டின்னுக்குப் பின்னால்
பழைய இடத்தில்
ஐந்தையும் அடுக்கினார்.

"அப்ப அந்தச் சூடைத் தலை?"

"அவருக்குத் தலையே பிடிக்காது.
ஒந்தட்டுல தள்ளிவிடுறதுக்குச் சொன்னது."