வாடை

வீட்டுக்காரர் இத்ரீஸ் மரைக்கார்
கீழக்கரையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார்,
வாடகை வாங்க.
அந்தக் கார்த்திகையில் இரண்டாம் முறையும் வந்தார்.
வண்டியை அணைக்காமலே சொன்னார்:
பக்கத்து வீட்டுல மாலை போட்டிருக்காக.
வாடை வருதாம்.

மண்டபத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்.
ஐப்பசி முதல் தை வரை
வடக்கேயிருந்து அடிக்கிற காற்றும் அதுதான்.
எங்கள் அடுப்படி சந்துக்கு வடக்கே,
அவர்கள் பூஜை அறை தெற்கே,
சந்து நாலடி.
எந்த வாடையைச் சொல்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. முன்பணம் அவரிடம் இருக்கிறது.

அவருக்கும் வெட்கம்தான்.
"நான் திங்காததா? ஒரு மண்டலம் மட்டும்
இந்தத் திருக்கைய..." என்று இழுத்தார்.
கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து
ஒரு பாறைமீனின் வால்
எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

உலகம்மை தென்காசிக்காரி,
புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன்.
என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை.
இங்கே சாளை பொரிகிற சத்தம் எழுந்தால்
அங்கே ஜன்னல்.
முதலில் மேல்கதவு, பிறகு கீழ்க்கதவு,
பிறகு ஊதுபத்திக்குத் தீக்குச்சி உரசுவது.

சோழகம் பிறந்தால் கணக்குத் திரும்பும்.
மாதக்கணக்கில் அவள் பெருங்காயம்
என் வீட்டில் குடியிருக்கும், வாடகையில்லாமல்.
இரண்டாவதைச் சுமந்தபோது
அதற்கே வாசலுக்கு ஓடிவந்து ஓங்கரித்திருக்கிறேன்.
யாரிடம் போய்ச் சொல்வது?
பெருங்காயத்தை வாடை என்று யாரும் சொல்வதில்லை.

சரி என்று அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினேன்.
கருவாட்டுப் பானையின் வாயை
இரட்டைப் பாலித்தீனால் கட்டி
மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.
மாதா முகம் சுளிக்கவில்லை.
அவள் மகனே கரையில் தீ மூட்டி மீன் சுட்டவன்.

கார்த்திகை பதினொன்றில் போன விசைப்படகு வரவில்லை.
நாலு படகு, இருபத்தாறு பேர்.
சங்கக் கட்டிடத்தில் ஒட்டிய தாளில்
கித்தேரியான் ஒன்பதாவது.
அங்கேயும் அதே புகார்தான்:
தாண்டி வந்துவிட்டதாம்.

பிள்ளைகளுக்குக் கஞ்சி.
எனக்கு அதில் மிச்சம்.
வாடை அடித்துக்கொண்டேதான் இருந்தது,
எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போக ஒன்றுமில்லாமல்.

எட்டாம் நாள் உலகம்மை சந்தில் நின்றாள்.
ஈரத்துணியைப் பிழிந்தபடி, என்னைப் பாராமல்,
"என்ன, ஒரு வாரமா உங்க வீட்டுலருந்து
ஒண்ணும் வரலையே. சாமியும் கேட்டாவ."

இத்தனை நாளும் மூக்கால்
என் வீட்டை வாசித்திருக்கிறாள்.
அவர் கரை சேர்ந்த நாள், பாடு கிடைக்காத நாள்,
கடன் வாங்கிக் கறி எடுத்த ஒரே ஞாயிறு.
காரலா நெத்திலியா என்று
என் மாமியாருக்கே தடுமாறும். இவளுக்குத் தடுமாறாது.

சொன்னேன்.
"அய்யோ" என்றாள். அவ்வளவுதான்.
பிழிந்து முடித்த துணியை மறுபடி பிழிந்தாள்.

எதுவும் கொண்டுவந்து தரவில்லை.
தந்திருந்தால் வாங்கியிருப்பேனா, தெரியாது.
அன்று இருட்டியதும் சரணம் சொன்னார்கள்.
வாடைக்காலத்தில் தெற்கேயிருந்து
குரல் ஒழுங்காக வந்து சேராது.
ஆனாலும் நடுவில் ஒரு பெயர்,
அவர்கள் வாய்க்குப் பழகாத பெயர்,
உடைந்து கேட்டதுபோல் இருந்தது.
சத்தியம் பண்ணமாட்டேன்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து விட்டார்கள்.
படகு அங்கேயே.
ஆள் மட்டும் வந்தார்,
தாடியும் மெலிவுமாய், மாலை போட்டவர் மாதிரி.
மலைக்குப் போய்த் திரும்பி
மழித்த முகத்தோடு சந்தில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்
தலையை ஆட்டினார்.
இவரும் ஆட்டினார்.

ராத்திரி என்ன வேணும் என்றேன்.
திருக்கை என்றார்.
மாதாவுக்குப் பின்னால் கைவிட்டு
இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன்.
கொல்லைக்குப் போகவில்லை.
அடுப்படியிலேயே கல்லைக் காயவைத்துப் போட்டேன்.
புகை எழுந்து, தயங்கி, சந்தைக் கடந்தது.

காதைக் கொடுத்து நின்றேன்.
மேல்கதவு.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கீழ்க்கதவு.
தீக்குச்சி.

அதற்குப் பிறகுதான்
கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.