கையொப்பத்துக்கான கட்டம்

ஃபீனிக்ஸில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
பதையாச்சியின் கோழிக்கடை.
காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்கிறேன்.
மார்புக்கறி ஒரு தட்டு, தொடை ஒரு தட்டு,
ஈரலும் இதயமும் சேர்ந்து இன்னொன்று.

விசாவில் என் தொழில்: மனைவி.
பதையாச்சியின் கணக்குப் புத்தகத்தில் அதுவும் இல்லை.
வெள்ளிக்கிழமை ஓர் உறை, அவ்வளவுதான்.

நாமக்கல்லில் ஐந்தரை வருடம்
கோழிகளைத் திறந்து படித்தேன்.
ஈரலின் விளிம்பு மழுங்கியிருந்தால் ஒரு கதை,
வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் வேறு கதை.
இங்கே அதே ஈரல்
கால் கிலோ, அரைக் கிலோ.

ப்ரிட்டோரியாவிலிருந்து கடிதம் வரும்:
மூன்றாம் பருவத்தில் ஒட்டுண்ணியியல்
எத்தனை மணி நேரம்?
மாதவரத்திலிருந்து பதில் வரும்:
பிரிவு எழுத்தர் விடுப்பில்.
தேர்வுக் கட்டணத்தை
வெள்ளிக்கிழமை உறைகளாக மாற்றி எண்ணிப் பார்த்தேன்.
எண்ணியதை வீட்டில் சொல்லவில்லை.

வாசலில் கார்களுக்குக் காவல் ழான்-போஸ்கோ.
லுபும்பாஷியில் பாலம் கட்டியவன்,
இப்போது மஞ்சள் மேலங்கி.
பின்னால் வா, இன்னும் வா, போதும் —
கர்டர் இறக்கும்போதும் இதே கைதான் என்றான் ஒருநாள்,
அப்போது யாரும் சில்லறை நீட்டியதில்லை.
அவன் என்னை டாக்டர் என்கிறான்.
நான் அவனை இன்ஜினியர் என்கிறேன்.
வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை
ஒரு சின்ன லாரி நிறைய உயிர்க்கோழி.
மூன்றாவது கூண்டில் ஒன்று
கழுத்தை முறுக்கி வானம் பார்த்துக்கொண்டிருந்தது.
அடியில் பச்சையாய்க் கழிச்சல்.
"இறக்காதீங்க!"
தமிழில்தான் கத்தியிருக்கிறேன்.
நோம்புலெலோவுக்குத் தமிழ் தெரியாது,
கூண்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.
பதையாச்சிக்கும் தெரியாது,
தைப்பூசத்துக்குப் பாடும் நாலு வரி தவிர.
என்ன நஷ்டம் என்று கேட்டார்.
நான் நோயின் பெயரைச் சொன்னேன்.

பண்ணைக்காரர்களுக்கு அது வெள்ளைக்கழிச்சல்,
பாடத்தில் ராணிக்கெட்,
இங்கே நியூகாசில்.
போகிற ஊரெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டு
எல்லா ஊரிலும் தன் வேலையையே பார்க்கிறது.
அதனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

மதியம் அரசாங்கக் கால்நடை மருத்துவர் வந்தார்.
டாக்டர் ஹடெபே, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.
கேட்டார், சொன்னேன், எழுதினார்.
எத்தனை நாளாக இருக்கும்,
எந்தத் தடுப்பூசி தவறியிருக்கும்,
லாரி இன்னும் எங்கெங்கே நின்றிருக்கும்.
என் வாக்கியங்களை
ஒரு சொல் குறையாமல் நிரப்பிக்கொண்டு வந்து
கடைசிக் கட்டத்தில்
பேனாவை என் பக்கம் திருப்பினார்.
பிறகு நினைவு வந்து
தானே போட்டுக்கொண்டார்.
தகவல் தந்தவர்: கடை ஊழியர்.
மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று
ஒரு நொடி நின்றார். நல்ல பையன்.

வெளியே நெரிசல்.
அவருடைய காரை இரண்டு லாரிகளுக்கு நடுவே
கீறல் படாமல் வெளியே எடுத்துவிட்டான் ழான்-போஸ்கோ.
பின்னால் வா, இன்னும் வா.
ஐந்து ராண்ட் கிடைத்தது.

தரையைக் கழுவ ஆரம்பித்திருந்தோம்.
வாளிக்கு எத்தனை மூடி மருந்து என்று
முகக்கவசத்துக்கு மேலிருந்து
கண்ணால் கேட்டாள் நோம்புலெலோ.
மூன்று விரல் காட்டினேன்.