விபத்துப் பதிவேட்டில் ஏறாத மதியம்

செஞ்சேரிமலை ரோட்டில், காத்தாடிகளுக்கு நடுவே
எங்கள் பேலட் ஷெட்.
பம்புசெட்டு ஏறிப்போகும் பலகைத் தட்டுகளுக்கு
நான் ஆணி அடிக்கிறேன்.
டேபிள் ரம்பத்தில் தனேஸ்வர்.
ஒடியாவில் ரம்பத்துக்கு என்ன பேரோ, தெரியாது.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது ஒன்பது வார்த்தை,
அதில் நாலு, சாப்பாடு.

ஆனாலும் அவன் அறுப்பது எனக்குப் புரியும்.
பலகைக்கு மேலே ஒரு நெல்மணி உயரம்தான்
பல் எட்டிப் பார்க்கும்.
பிளேடுக்கு நேராக நிற்கவே மாட்டான்,
ஒரு சாண் இடப்பக்கம்,
முட்டுகிற மாட்டுக்கு வழி விட்டாற்போல.
பைன் கட்டை சிலது சிரித்தபடி பிளந்துகொண்டே வந்து
நடுவில் இறுகி பிளேடைக் கவ்வும்.
கவ்வினதும் வந்த வழியே பறக்கும்.
தகரச் சுவரில் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள்,
அவன் ஒதுங்கி நின்ற நாளில் விழுந்தது.

கடைசி ஒரு சாணுக்குக் கை போகாது.
வேம்பில் வாய் வெட்டிய தள்ளுகுச்சிதான் போகும்.
நாய் கடித்த செருப்பு மாதிரி அதன் நுனி.

கையுறை போடச் சொல்லி
பெட்டி நிறையக் கொடுத்துப் படம் பிடித்துப் போனார்கள்.
நூல் உறையின் ஒரு இழையைப் பல் பிடித்தால் போதும்,
கையையும் கூட்டிக்கொண்டு போகும்.
எங்கள் பக்கம் விருந்தாளியைக்
கைபிடித்து உள்ளே அழைப்பது வழக்கம்.
ரம்பம் அழைத்தால் போகக் கூடாது.
உறையெல்லாம் ஆணி அள்ள நான் வைத்துக்கொண்டேன்.

ஆடி பதினாறு. காத்து.
மரத்தூள் கண்ணுக்குள், சோற்றுக்குள், ரவிக்கைக்குள்.
பலகை பாதியில் இருக்கக் கரண்டு போனது.
முனகி முனகி இறங்கி
பிளேடு நின்றது.
வெளியே நூறு காத்தாடி சுற்றுகிறது,
உள்ளே ஒரு ரம்பம் சுற்றவில்லை.
என்ன நியாயமுங்க இது?

அவன் மூடியைத் தூக்கினான்.
பல்லுக்கிடையில் சிராய்,
விரல் நீளம்.
விரலை விட்டான்.

எனக்கு விரல் தெரியவில்லை, சுவிட்சு தெரிந்தது.
பழைய கைப்பிடிச் சுவிட்சு.
கரண்டு போனதே தெரியாமல்
மேலேயே நின்றது.

‘நில்’ என்று கத்தியிருக்கலாம்.
ஒன்பதில் அது இல்லை.
சுத்தியலோடு ஓடி
கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

மேலே குழல்விளக்கு
இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது.
ஃபேன் அசைந்தது.
விரல் இன்னும் பல்லுக்குள்.

ஒன்றும் நடக்கவில்லை.

விளக்கைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.
சிராயை எடுத்து மேசைமேல் வைத்தான்.
தண்ணீர் பாட்டில் மூடியை
அவனால் திறக்க முடியவில்லை.
நான் திறந்தேன். என்னாலும் இரண்டாம் தடவைதான்.

பொழுதோட வந்த முதலாளி குழந்தைவேலு
ஆறு தட்டு ஏன் குறையுது என்றார்.
விரல் பத்தும் இருக்குதுங்க, எண்ணிக்கங்க என்றேன்.
நெசமாவே எண்ணினார்.
வெள்ளிக்கிழமை புது ஸ்டார்ட்டர் வந்தது.
கரண்டு போனால் தானே விழும்,
வந்தால் தானே எழாது,
அமுக்கினால்தான் எழும்.
விலையைப் பதினைந்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதிவேட்டில் தேதி, பேர், காயம் என்று
கட்டம் கட்டமாக இருக்கிறது.
ஆடி பதினாறுக்கு ஒரு வரியும் இல்லை.

ஸ்டார்ட்டருக்கு மேலே தனேஸ்வர்
மார்க்கரில் என்னவோ எழுதியிருக்கிறான்,
பணியாரம் பணியாரமாய்.
கீழே நான் எழுதினேன்:
கை விடுமுன் பிளக்கைப் புடுங்கு.
இரண்டும் ஒன்றுதானா, கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவனுக்குப் பத்து வார்த்தை.
‘நில்லுங்க.’
பல்லடம் பஸ்ஸுக்கும் அதைத்தான் சொல்கிறான்.
சோற்றுப் பொட்டலத்தை மோந்து வருகிற
செவலை நாய்க்கும்,
அதே மரியாதையோடு.